குண்டு போகும் தூரமும் கொல்லும் தூரமும்

வீட்டுக் கூடத்தில் பெரியோரும் குழந்தைகளும் சேர்ந்து வாசிக்கும் பத்திரிகையில் துப்பாக்கிக் குண்டைப் பற்றி என்ன பேச்சு என்று சில நேயர்கள் புருவத்தை நெரிக்கக்கூடும். நம் நாட்டில் 1972-ம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு வேட்டை பழங்கதையாகிவிட்டது. ராஜாக்களும் துரைமார்களும் செத்த புலியின்மேல் கால் வைத்துக்கொண்டு நிற்கும் படங்கள் பழைய மாளிகைச் சுவர்களில் மங்கிக் கொண்டிருக்கின்றன. அவை மங்குவதில் நமக்கு வருத்தம் ஏதும் இல்லை.

ஆனால் உலகம் முழுவதும் அப்படி இல்லை. அமெரிக்காவின் மேற்கு மலைகளிலும், ஸ்காட்லாந்தின் மேட்டு நிலங்களிலும், தென் ஆப்பிரிக்காவின் புல்வெளிகளிலும் சர்க்கார் அனுமதியுடன் வேட்டை இன்றும் நடக்கிறது. அண்மைக் காலத்தில் அங்கே ஒரு புது மோகமும் தோன்றியிருக்கிறது. தூரத்தை அளந்து சொல்லும் லேஸர் கருவி, பல மடங்கு பெரிதாக்கிக் காட்டும் தூரதரிசினிக் கண்ணாடி, காற்றையும் தாழ்வையும் கணக்கிட்டுச் சொல்லும் சிறு இயந்திரம் ஆகிய மூன்றையும் வைத்துக்கொண்டு, எண்ணூறு கஜத்துக்கும் ஆயிரம் கஜத்துக்கும் அப்பால் மேயும் மிருகத்தைச் சுடுவதுதான் அது. குண்டு அவ்வளவு தூரம் போகும் என்பதில் சந்தேகமே இல்லை. போய்ச் சேர்ந்த பிறகு அது என்ன செய்யும்? இந்த ஒரு கேள்வியைத்தான் இங்கே ஆராயப் புகுகிறோம். பதில் பௌதிக சாஸ்திரத்தில் ஆரம்பித்துத் தர்ம சாஸ்திரத்தில் போய் முடிவதால், வேட்டையையே வெறுக்கும் நேயர்களும் கடைசி வரை வாசிக்கலாம்.

தள்ளுவது குண்டு அல்ல

சினிமாவில் குண்டு பட்டவன் பத்தடி பின்னால் பறந்து போய் விழுகிறான். நிஜத்தில் அப்படி நடக்க இடமில்லை. ஒவ்வொரு வினைக்கும் சமமான எதிர்வினை உண்டு என்ற நியூட்டனின் விதியை நாம் வகுப்பில் சொல்லிக் கொடுக்கிறோம். அடிபட்டவனைப் பத்தடி தூக்கி எறியும் வேகம் குண்டுக்கு உண்டென்றால், சுட்டவனும் எதிர்ப் பக்கம் பறந்திருக்க வேண்டும் அல்லவா?

அமெரிக்க ராணுவம் 1906-ல் ஏற்றுக்கொண்ட தோட்டா ஒன்று உண்டு. ‘தர்ட்டி ஆட் ஸிக்ஸ்’ என்பது அதன் பெயர். இன்றும் பெரிய மிருக வேட்டைக்கு மிகவும் பழகிப்போன தோட்டா இதுதான். இதன் குண்டு வழக்கமாக 180 கிரெயின் எடை. ஒரு பவுண்டுக்கு 7,000 கிரெயின் என்பதால், இது ஒரு பவுண்டில் நாற்பதில் ஒரு பங்குக்குச் சற்றே அதிகம். துப்பாக்கியின் வாயை விட்டுக் கிளம்பும்போது வினாடிக்குச் சுமார் 2,700 அடி வேகம். நம் கடமானை விடப் பெரியதான ‘எல்க்’ என்னும் மான் எழுநூறு பவுண்டு எடை இருக்கும். அந்தக் குண்டின் தள்ளுதல் முழுவதையும் அந்த மான் ஏற்றுக்கொண்டாலும், வினாடிக்கு ஓர் அங்குலத்துக்குச் சற்று மேற்பட்ட வேகத்தில்தான் அது நகரும். கன்றுக்குட்டி முட்டினால்கூட அதை விட அதிகமாக அசையும்.

அப்படியானால் மிருகம் ஏன் சாகிறது? மூளையோ முதுகுத் தண்டோ சிதைந்தால் உடனே விழும். இருதயமோ, பெரிய ரத்தக் குழாய்களோ, நுரையீரலோ கிழிந்தால் ரத்தம் வடிந்து சில வினாடிகளிலோ, ஒன்றிரண்டு நிமிஷங்களிலோ மூளைக்கு ரத்தம் எட்டாமல் விழும். வேறு எங்கே பட்டாலும் அது காயந்தான். உடனடி மரணம் அல்ல. ஆகவே குண்டு செய்ய வேண்டிய வேலைகள் இரண்டு: சரியான உறுப்பை எட்டும் அளவுக்கு உள்ளே போக வேண்டும், போகும் வழியில் போதுமான அகலத்துக்குக் கிழிக்க வேண்டும்.

துளைப்பதும் விரிவதும்

வல்வில் ஓரியின் அம்பு யானையை வீழ்த்தி, புலியையும் மானையும் பன்றியையும் ஊடுருவி, கடைசியில் புற்றிலிருந்த உடும்பில் போய்த் தைத்தது என்று வன்பரணர் பாடியிருக்கிறார். துளைக்கும் திறமைக்கு அதை விடப் பெரிய புகழ்ச்சி இருக்க முடியாது. ஆனால் அம்புக்கு அகன்ற கூரிய முனை உண்டு. அது போகும் வழியெல்லாம் அறுத்துக்கொண்டே போகும். மழமழவென்ற துப்பாக்கிக் குண்டோ ஊசியைப் போல் ஒரு சிறு துவாரத்தைச் செய்துவிட்டு மறு பக்கம் வெளியேறிவிடும். சதை விலகிக் கொடுத்துப் பிறகு மூடிக்கொள்ளும். மிருகம் நெடுந்தூரம் ஓடிவிடும்.

இந்தக் குறையைப் போக்கச் செய்த உபாயந்தான் விரியும் குண்டு. உள்ளே மெதுவான ஈயம்; மேலே தாமிரக் கலப்புத் தகட்டால் ஆன சட்டை. மூக்கு நுனியில் மட்டும் சட்டையை நீக்கி ஈயத்தை வெளியே தெரியும்படி விட்டுவிடுவார்கள். சதையில் நுழைந்ததும் எதிரே வரும் அழுத்தத்தினால் நுனி மடங்கி, காளான் குடை போல் விரியும். குண்டின் குறுக்களவு ஏறக்குறைய இரண்டு மடங்காகும்.

இந்த உபாயத்தின் பெயர் பெற்ற உருவம் ஒன்று நம் தேசத்து மண்ணில் பிறந்தது என்பதை நேயர்களில் பலர் அறிந்திருக்க மாட்டார்கள். கல்கத்தாவுக்கு அருகே டம்டம் என்ற இடத்தில் ஆங்கில சர்க்காரின் ஆயுதச் சாலை இருந்தது. 1895-ல் சித்ரால் படையெடுப்பின்போது, புதிதாக வந்த மெல்லிய குண்டுகள் மலைவாசிகளைத் துளைத்துக்கொண்டு போய்விடுகின்றனவே தவிர நிறுத்தவில்லை என்று வெள்ளைச் சிப்பாய்கள் முறையிட்டார்கள். அந்தச் சாலையின் தலைவராக இருந்த காப்டன் பெர்ட்டி-கிளே என்பவர் குண்டின் மூக்குச் சட்டையைக் குறைத்து விரியும் குண்டைச் செய்து கொடுத்தார். 1897-98-ல் திராஹ் பள்ளத்தாக்கில் அப்ரீதிகள்மேல் அது பிரயோகிக்கப்பட்டது. உலகம் முழுவதும் விரியும் குண்டுக்கு ‘டம்டம்’ என்ற பெயரே நிலைத்துவிட்டது.

1899-ல் ஹேக் நகரத்தில் கூடிய மகாநாடு, மனித உடலில் எளிதில் விரியும் குண்டுகளை யுத்தத்தில் உபயோகிக்கக் கூடாது என்று பிரகடனம் செய்தது. காயம் பட்டும் பாய்ந்து வரும் ‘நாகரிகமற்ற’ ஜனங்களை நிறுத்த இத்தகைய குண்டு தேவை என்று பிரிட்டிஷ் பிரதிநிதி ஸர் ஜான் ஆர்டா வாதாடினார். பிரிட்டன் 1907-ல்தான் அந்தப் பிரகடனத்தை ஏற்றது. அதிலும் ஒரு சூட்சுமம் இருந்தது: கையெழுத்திட்ட வல்லரசுகள் ஒன்றோடொன்று போர் செய்யும்போது மட்டுமே அது கட்டுப்படுத்தும். கையெழுத்திட அழைக்கப்படாத மலைவாசிக்கு அந்தக் காகிதத்தில் பாதுகாப்பு இல்லை!

இதிலே இன்னொரு விசித்திரமும் உண்டு. மனிதன்மேல் பிரயோகிக்கக் கூடாது என்று விலக்கிய அதே விரியும் குண்டைத்தான் மானைச் சுட உபயோகித்தாக வேண்டும் என்று இங்கிலாந்தின் 1991-ம் வருஷத்து மான் சட்டம் விதிக்கிறது. மேலெழுந்தவாரியாகப் பார்த்தால் முரணாகத் தோன்றும். ஆனால் யுத்தத்தில் காயம் பட்டவனை எடுத்துப் போக டோலியும் வைத்தியரும் உண்டு. காட்டில் காயம் பட்ட மானுக்கு ஆஸ்பத்திரி இல்லை. அதற்குக் காட்டக்கூடிய கருணை விரைவான மரணம் ஒன்றுதான். சட்டம் அந்தக் கருணையைத்தான் கேட்கிறது.

தூரம் பறித்துக்கொள்வது என்ன?

இப்போது நமது கேள்விக்கு வருவோம். குண்டு விரிவதற்கு வேகம் வேண்டும். பழைய மாதிரி வேட்டைக் குண்டுகளில் பலவற்றுக்கு வினாடிக்குச் சுமார் 1,800 அடி வேகமாவது இருந்தால்தான் மூக்கு நம்பத் தகுந்தபடி மடங்கும். அதற்குக் கீழே போனால் டம்டம் ஆலைக்கு முந்திய குண்டின் கதைதான்: ஊசித் துவாரம், மறு பக்கம் வெளியேற்றம்.

காற்று கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் கடுமையான வரிவசூல்காரன். மேலே சொன்ன 180 கிரெயின் குண்டு 2,700 அடி வேகத்தோடு கிளம்பினால், 500 கஜத்தை அடையும்போது சுமார் 1,800 அடி வேகந்தான் மிஞ்சியிருக்கும். 800 கஜத்தில் ஏறக்குறைய 1,400. வேகத்தில் நஷ்டம் இவ்வளவு என்றால் சக்தியில் நஷ்டம் இன்னும் அதிகம். ஏனென்றால் சக்தி வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. கிளம்பும்போது 2,900 அடி-பவுண்டாக இருந்த சக்தி 500 கஜத்தில் பாதிக்கும் கீழே போய்விடுகிறது. 800 கஜத்தில் 800 அடி-பவுண்டு அளவுக்குத் தேய்ந்துவிடுகிறது.

அப்படியானால் குறைந்த வேகத்திலும் விரியும்படி குண்டை மெதுவாகச் செய்துவிட்டால் என்ன? செய்கிறார்கள். வினாடிக்கு 1,300 அடி வேகத்திலேயே விரியும் என்று சொல்லி விற்கப்படும் குண்டுகள் இன்று உண்டு. ஆனால் மிருகம் எப்போதும் தூரத்திலேயே நிற்பதாக ஒப்பந்தம் எழுதிக் கொடுத்திருக்கிறதா? அந்த மெதுவான குண்டையே ஐம்பது கஜத்தில், முழு வேகத்தில், தோள் எலும்பில் சுட்டால் அது மேலேயே சிதறித் தூளாகிவிடும். ஆழத்துக்கு எதுவும் போய்ச் சேராது. தூரத்துக்குப் பொருந்திய குண்டு பக்கத்துக்கு ஆகாது. பக்கத்துக்குப் பொருந்தியது தூரத்துக்கு ஆகாது.

இந்தச் சங்கடத்துக்குப் பரிகாரம் தேடியவர்களில் முக்கியமானவர் ஜான் நாஸ்லர் என்ற அமெரிக்கர். 1946-ல் கானடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா காட்டில் அவர் ‘மூஸ்’ என்னும் மாபெரும் மானைச் சுட்டார். அதன் உடலெங்கும் சேறு காய்ந்து ஒட்டியிருந்தது. வேகமான குண்டுகள் சேற்றிலும் தடித்த தோலிலும் பட்டுச் சிதறினவே தவிர உள்ளே போகவில்லை. ஊருக்குத் திரும்பிய நாஸ்லர், குண்டின் நடுவே தாமிரத்தால் ஒரு குறுக்குச் சுவர் வைத்தார். சுவருக்கு முன் பாதி ஈயம் விரியும். பின் பாதி ஈயம் சுவருக்குப் பின்னால் பத்திரமாக இருந்து உந்திக்கொண்டு உள்ளே போகும். 1948-ல் இதைக் கொண்டு அவர் ஒரு தொழிலையே ஆரம்பித்தார். அந்தப் ‘பார்ட்டிஷன்’ குண்டு இன்றும் விற்பனையாகிறது. பிறகு 1989-ல் பார்ன்ஸ் கம்பெனியார் ஈயமே இல்லாமல், முழுவதும் தாமிரத்தால் ஆன குண்டை வெளியிட்டார்கள். அது நான்கு இதழ்களாக விரியும். சிதறுவது மிகக் குறைவு. ஆனால் தாமிரம் ஈயத்தை விடக் கடினம். ஆகையால் அது விரிவதற்கு வேகமும் அதிகம் வேண்டும். ஒரு பக்கம் இழுத்து மூடினால் மறு பக்கம் திறந்துகொள்ளும் சிறிய போர்வையைப் போன்ற கதைதான் இது.

ஒன்றேகால் வினாடி

குண்டின் அமைப்பை எவ்வளவு சீர்திருத்தினாலும் தீராத குறை இன்னொன்று உண்டு. அது காலம். 500 கஜம் பறந்து செல்லக் குண்டுக்கு ஒரு வினாடியில் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். 800 கஜத்துக்கு ஒன்றேகால் வினாடி. இது என்ன பிரமாதம் என்று தோன்றலாம். மெதுவாக மேய்ந்து நடக்கும் மிருகம் மணிக்கு மூன்று மைல் வேகத்தில் போகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒன்றேகால் வினாடியில் அது ஐந்தடிக்கு மேல் நகர்ந்துவிடும். குறி வைத்ததோ நெஞ்சில் எட்டுப் பத்து அங்குல வட்டத்தை. விசையை அழுத்தியபோது அசையாமல் நின்ற மான், குண்டு வந்து சேர்வதற்குள் ஓர் அடி எடுத்து வைத்தாலே போதும். நுரையீரலுக்கு என்று அனுப்பியது வயிற்றில் போய் விழும்.

காற்றின் கணக்கையும் பாருங்கள். மணிக்குப் பத்து மைல் வேகத்தில் குறுக்கே வீசும் சாதாரணக் காற்று, 500 கஜத்தில் நமது குண்டை ஒன்றரை அடிக்கு மேல் ஒதுக்கிவிடும். 800 கஜத்தில் ஏறக்குறைய ஐந்தடி. மலைப் பள்ளத்தாக்கில் சுடுபவன் நிற்கும் இடத்தில் ஒரு காற்று, நடுவழியில் ஒரு காற்று, மான் நிற்கும் சரிவில் வேறொரு காற்று. எந்த இயந்திரம் மூன்றையும் ஒரே சமயத்தில் அளந்து சொல்லும்?

தாழ்வோ இன்னும் பெரியது. 200 கஜத்தில் நேராகப் படும்படி சரி செய்த துப்பாக்கியின் குண்டு, 800 கஜத்தில் பன்னிரண்டு அடிக்கு மேல் தாழ்ந்து வரும். அங்கே அது செங்குத்தாகச் சரிந்துகொண்டிருப்பதால், தூரத்தை 25 கஜம் தவறாக மதிப்பிட்டாலே ஓர் அடி மேலோ கீழோ போய்விடும். லேஸர் கருவி தூரத்தைச் சரியாகச் சொல்லும் என்பது உண்மைதான். ஆனால் அது மானின் மீது பட்டதா, பின்னால் இருந்த பாறையின் மீது பட்டதா என்பதைச் சொல்லாது.

இதற்கு மேல் ஒன்றைச் சொல்ல வேண்டும். சுட்ட வெடியின் ஓசை 800 கஜத்தைக் கடக்க இரண்டு வினாடிக்கு மேலாகும். ஆகவே குண்டு வந்து தைத்த பிறகுதான் ஓசை வருகிறது. மிருகத்துக்குத் தன்னை வேட்டையாடியவன் ஒருவன் உண்டு என்றே தெரியாது. சுட்டவனுக்கோ, மிருகம் நின்ற இடத்தைச் சரிவும் ஓடையும் புதரும் கடந்து போய்க் கண்டுபிடிக்க அரை மணியும் ஆகலாம். அதற்குள் அது எங்கே போயிற்று, எத்தனை துளி ரத்தம் சிந்திற்று என்று யார் பார்ப்பார்கள்? தவறிவிட்டது என்று சொல்லிக்கொண்டு அவன் வேறு மானைத் தேடிப் போகிறான். வயிற்றில் குண்டு பட்ட மான் புதருக்குள் படுத்துப் பல மணி நேரம் கழித்து உயிரை விடுகிறது.

சம்பாவத்தின் பாடம்

காயம் பட்ட மிருகத்தின் கணக்கு காட்டோடு முடிந்துவிடுவதில்லை என்பதற்கு நம் நாட்டிலேயே சாட்சி உண்டு. குமாவோன் மலைப் பிரதேசத்தில் சம்பாவத் என்ற ஊரில் 1907-ல் ஜிம் கார்பெட் ஒரு பெண் புலியைச் சுட்டு வீழ்த்தினார். நேபாளத்திலும் குமாவோனிலுமாக 436 பேரைக் கொன்றதாகக் கணக்கிடப்பட்ட புலி அது. செத்துக் கிடந்த அதன் வாயைத் திறந்து பார்த்தபோது வலப் பக்கத்தில் மேல் கோரைப் பல் பாதி உடைந்திருந்தது. கீழ்க் கோரைப் பல் எலும்பு வரை இல்லை. எவனோ எப்போதோ சுட்ட குண்டின் வேலை அது. தன் இயற்கையான இரையைப் பற்றிப் பிடிக்க முடியாமற்போன புலி, ஓடத் தெரியாத இரையைத் தேடிற்று. புல் அறுக்கவும் சுள்ளி பொறுக்கவும் போன பெண்கள் அதற்கு அகப்பட்டார்கள். ஆட்கொல்லிப் புலிகளில் பத்துக்கு ஒன்பது காயத்தினால் அப்படி ஆனவை என்பது கார்பெட்டின் தீர்மானமான அபிப்பிராயம்.

சரியாகக் கொல்லாத ஒரு குண்டின் விலை 436 உயிர். சுட்டவன் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை.

இதற்கு எதிரான உதாரணமும் உண்டு. இந்த நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆப்பிரிக்காவில் பெல் என்ற ஸ்காட்லாந்துக்காரர் தந்தத்துக்காக ஆயிரத்துக்கு மேற்பட்ட யானைகளைக் கொன்றார். அந்தத் தொழிலை நாம் புகழவில்லை. அதைப் போன்றவர்களால்தான் யானைக் கூட்டங்கள் அழிந்தன. ஆனால் அவர் முறையில் ஒரு சாஸ்திர உண்மை இருக்கிறது. மற்றவர்கள் பீரங்கி போன்ற துப்பாக்கிகளைத் தூக்கித் திரிந்தபோது, அவர் பெரும்பாலும் மான் சுடும் சிறு துப்பாக்கியையும், விரியாத, மொட்டை மூக்குக் கெட்டிக் குண்டையுமே உபயோகித்தார். யானையின் மண்டையோட்டில் மூளை எங்கே இருக்கிறது என்று அறுத்துப் பார்த்துப் படித்தார். மிக அருகே நெருங்கிப் போய்ச் சுட்டார். அவருடைய பலம் துப்பாக்கியில் இல்லை. அறிவிலும் அருகாமையிலும் இருந்தது.

கழுகுக்கு வந்த வினை

சிதறிய குண்டின் கதை இன்னும் முடியவில்லை. ஈயக் குண்டு சதையில் நுழைந்ததும் மணலைப் போன்ற சிறு துகள்களை வழி நெடுகச் சிந்திவிட்டுப் போகிறது. தப்பியோடி மறைவில் செத்த மிருகத்தையும், வேட்டைக்காரன் அறுத்து எறிந்த குடலையும் தின்ன வரும் பறவைகளின் வயிற்றில் அந்த ஈயம் போய்ச் சேருகிறது. கலிபோர்னியாவின் ‘காண்டர்’ என்ற பெரும் பிணந்தின்னிக் கழுகு 1982-ல் உலகத்தில் 22 மட்டுமே மிஞ்சியிருந்தது. 1987-ல் கடைசிப் பறவையையும் பிடித்துக் கூண்டில் வைத்துக் குஞ்சு பொரிக்கச் செய்து, பிறகு சிறிது சிறிதாக வெளியே விட்டார்கள். இன்று ஐந்நூறுக்கு மேல் இருக்கின்றன. ஆனால் வெளியே விட்ட பறவைகளின் சாவுக்கு முதற்காரணம் இன்னும் ஈய விஷந்தான். கலிபோர்னியா ராஜ்யம் 2013-ல் ஒரு சட்டம் செய்து, 2019 ஜூலை 1 முதல் வேட்டையில் ஈயக் குண்டையே முழுவதும் விலக்கிவிட்டது. தாமிரக் குண்டுக்கு இப்போது மதிப்பு உயர்ந்திருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

எவ்வளவு தூரம் தகும்?

தியோடர் ரூஸ்வெல்ட் 1887-ல் ஆரம்பித்த ‘பூன் அண்டு கிராக்கெட்’ சங்கம் அமெரிக்க வேட்டைக்காரர்களின் மதிப்புக்கு உரியது. மிருகத்துக்குத் தப்பிக்க நியாயமான வாய்ப்பு இருக்க வேண்டும் என்பது அதன் கொள்கை. எவ்வளவு தூரத்திலிருந்து உயிருள்ள இலக்கை அடிக்க முடியும் என்று தன் கருவியைப் பரீட்சை செய்வதே ஒருவனின் நோக்கமானால், அதை வேட்டை என்று அழைக்க இயலாது என்று அந்தச் சங்கமே சொல்லிவிட்டது. வேட்டையை எதிர்ப்பவர்கள் சொன்னால் வேறு. வேட்டைக்காரர்களே சொல்வது கவனிக்கத் தக்கது.

நமக்குத் தோன்றும் விடை மிகவும் சாதாரணமானது. குண்டு பறக்கும் தூரம் ஒன்று. குண்டு விரியும் தூரம் அதற்குள் ஒன்று. சுடுகிறவன் எந்தக் காற்றிலும் தவறாமல் எட்டு அங்குல வட்டத்துக்குள் அடிக்கக்கூடிய தூரம் அதற்கும் உள்ளே ஒன்று. தவறினாலும் உடனே ஓடிப் போய்த் தேடி, தொடங்கிய வேலையை முடிக்கக்கூடிய தூரம் எல்லாவற்றிலும் குறுகியது. அனுமதி பெற்று வேட்டையாடும் தேசங்களில் இருப்பவர்கள் இந்த நாலாவது தூரத்தைத் தாண்டாமல் இருந்தால் போதும். குண்டு செய்யும் கம்பெனிகளுக்குப் பாதி வேலை மிச்சமாகும்.

நம் பிள்ளைகளில் யாரும் துப்பாக்கியோடு காட்டுக்குப் போகப் போவதில்லை. ஆனால் பொத்தானை அழுத்தி வெகு தூரத்தில் பலனை உண்டாக்கும் கருவிகள் நாளுக்கு நாள் அவர்கள் கைக்கு வந்துகொண்டே இருக்கின்றன. அந்தக் கருவி எது ஆனாலும், அதைக் கையில் எடுக்கும் பிள்ளையிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, ‘இது எவ்வளவு தூரம் போகும்?’ என்பது அல்ல. ‘போய்ச் சேர்ந்த இடத்தில் என்ன நடந்தது என்று நீ போய்ப் பார்ப்பாயா?’ என்பதுதான்.